வாசிக்க முடிகிறதே, போதாதா?

“வாசிக்க முடிகிறதுதானே ஐயா, பிறகென்ன?” என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் குறைந்தது பத்துப் பேரிடமிருந்தாவது கேட்டிருப்பேன். கேட்டவர்கள் எல்லோரும் நல்லவர்கள், தமிழ்ப்பற்று உள்ளவர்கள். பழைய பத்திரிகைத் தொகுதிகளைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து, பீ.டீ.எப். கோப்பாகக் கட்டி, “ஆவணப்படுத்தியாயிற்று” என்று முகநூலில் அறிவித்த பின்னர், மூலப் பிரதிகளைப் பழைய பேப்பர் வாங்குபவனுக்கு எடை போட்டுக் கொடுத்தவர்களும் அவர்களுள் அடக்கம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை மேசைகளில் காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பதில் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

முதலில் ஓர் ஒப்புதல். நான் இதனை எழுதுவதற்குக் காரணமான கமரா என்னைப் போன்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளன் சொந்தக் காசில் வாங்கக்கூடிய பொருளன்று. ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகன் ஒருவனுக்குப் படம் பிடிப்பதில் பைத்தியம். 2021 இல் ஃபுஜிபில்ம் நிறுவனம் ஜீ.எப்.எக்ஸ். 100 எஸ் என்ற கமராவை வெளியிட்டபோது, வில்லை இல்லாமல் உடலுக்கு மட்டும் 5,999 அமெரிக்க டொலர் கொடுத்து அதனை வாங்கினான். 2024 இல் அதே வரிசையில் அடுத்தது வந்ததும் அதையும் வாங்கினான். ஊருக்கு வந்தபோது பழையதை இரண்டு வில்லைகளோடு என் மேசைமேல் வைத்து, “பெரியப்பா, சும்மா கிடக்கிறதுதானே, நீங்கள் பாவியுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து நானும் அதுவும் ஒரே வீட்டில் வாழ்கிறோம்.

வீட்டுக்கு வருபவர்கள் அதனைக் கையில் தூக்கிப் பார்த்து முதலில் கேட்பது, “எத்தனை மெகாபிக்சல்?” என்பதுதான். 102 என்று சொன்னதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். அடுத்த கேள்வி, “கலியாண வீட்டுக்கு வாடகைக்குக் குடுப்பியளோ?” என்பதாக இருக்கும். எங்கள் பக்கத்து ஸ்ரூடியோக்காரர்களிடையே மெகாபிக்சல் என்பது ஒரு சாதியடுக்குப் போல ஆகிவிட்டது. பன்னிரண்டு அங்குல அல்பத்தில் அச்சாகி, அதைவிட அதிகமாக வட்ஸ்அப்பில் நசுங்கிப் போகப்போகிற மாப்பிள்ளை பெண் படத்துக்கு 102 மெகாபிக்சல் எதற்கு என்று கேட்டால், “தரம்” என்கிறார்கள். மணவறையில் நகரும் மனிதர்களைத் துரத்திப் பிடிப்பதற்கு இதைவிடச் சங்கடமான கமரா இருக்க முடியாது. அந்த வேலைக்கு இதன் அரைவாசி விலையில் இதைவிட விரைவான கருவிகள் கிடைக்கின்றன.

‘மீடியம் போர்மற்’ என்ற பெயரிலும் கொஞ்சம் வீம்பு உண்டு. என்னோடு வேலை செய்த மூத்த படப்பிடிப்பாளர்கள் றோலிபிளெக்ஸ், யாஷிக்கா ஆகியவற்றில் 120 ரகப் பிலிம் சுருளைப் போட்டு எடுத்தவர்கள். ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். ஒவ்வொன்றும் 56 மில்லிமீற்றர் சதுரம். இந்தக் கமராவின் உணரி 43.8 க்கு 32.9 மில்லிமீற்றர். 36 க்கு 24 என்ற வழமையான 35 மில்லிமீற்றர் அளவோடு ஒப்பிட்டால் பரப்பில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வரும். ஆனால் அந்தப் பழைய சதுரத்தில் பாதி கூடக் கிடையாது. விளம்பரக்காரர் எழுதுவதை எழுதிக்கொண்டு போகட்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளிதழில் படம் போடுவதற்கு இந்தக் கமரா தேவையே இல்லை. பத்திரிகைத் தாளில் அங்குலத்துக்கு 85 கோட்டுத் திரையில் அச்சாகும் படத்துக்கு அங்குலத்துக்கு 170 புள்ளி இருந்தால் போதும் என்பது எங்கள் பழைய வாய்பாடு. ஆறு அங்குல அகலப் படத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். 1999 இல் வந்த நிக்கொன் டி 1 இல் 2.7 மெகாபிக்சல்தான் இருந்தது. உலகத்துப் பத்திரிகைகளின் முதற்பக்கங்களை அது நிரப்பியது. ஆக, பத்திரிகைக்குப் படம் கொடுக்க மீடியம் போர்மற் வேண்டியதில்லை. பத்திரிகைத் தாளில் ஏற்கெனவே அச்சாகிவிட்ட படத்தைத் திரும்பப் பெறுவதற்குத்தான் அது வேண்டும். இது எனக்கும் ஒரு பெண் வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது.

அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். வன்னியிலே 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிரோடு வெளியே வந்த குடும்பம். தகப்பனார் ஆசிரியர். மகளுக்கு நான்கு வயதாயிருந்தபோது காலமாகிவிட்டார். தாயார் 2009 இல் போய்விட்டார். அல்பங்கள், சான்றிதழ்கள், திருமணப் படம் எதுவும் மிஞ்சவில்லை. ஒன்று மட்டும் தாயார் சொல்லி அவருக்குத் தெரியும். எழுபதுகளின் நடுப்பகுதியில் ஓர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எடுத்த குழுப்படம் நாளிதழில் வந்தது; அதில் அப்பா நிற்கிறார். ஆண்டும் மாதமும் கூடத் தெரிந்திருந்தது.

அந்த நாளிதழின் கட்டிய தொகுதிகள் ஒரு நிறுவனத்தில் இருந்தன. (பெயர் வேண்டாம். அங்கு இன்றும் நல்ல பிள்ளைகள் வேலை செய்கிறார்கள்.) அவர் போய்க் கேட்டபோது தொகுதிகள் இல்லை. “எல்லாம் ஸ்கான் பண்ணியாச்சு அக்கா. கறையான் பிடிச்ச பேப்பரை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது?” என்று சொல்லி ஒரு கோப்பை அனுப்பிவைத்தார்கள். ஸ்கான் என்பது மரியாதைச் சொல். விரித்த தொகுதியின் இரண்டு பக்கங்களையும் மேலே நின்று கைத்தொலைபேசியால் ஒரே சொடுக்கில் எடுத்திருந்தார்கள். படம் இருந்தது. மூன்று வரிசையாக நிற்கும், இருக்கும் மனிதர்கள். முகங்கள் எல்லாம் சாம்பல் அலைகள். படத்துக்குக் கீழே “நிற்பவர்கள் இடமிருந்து வலம்” என்று பெயர்கள் தொடங்குகின்றன. பாதி வரி தொகுதியின் மையமடிப்பு நிழலுக்குள் போய் மறைந்துவிடுகிறது. செய்திகளை வாசிக்கலாம். உண்மை. அந்தப் பெண்ணுக்கு வேண்டிய இரண்டு விடயங்கள் மட்டுமே அதில் இல்லை.

பிறகு நடந்ததுதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. உறவுக்காரப் பையன் ஒருவன் அந்தக் கோப்பிலிருந்து, சாயலை வைத்து இவர்தான் என்று ஒரு முகத்தை வெட்டி எடுத்து, செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றில் போட்டுத் “தெளிவாக்கி”க் கொடுத்தான். அழகான முகம் வந்தது. அளவான மீசை, ஒளிவிடும் கண்கள், நெற்றியில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அதனைச் சட்டம் போட்டு, மாலையிட்டு, இரண்டு திவசம் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கைப் பார்ப்போம். அந்தக் காலத்துத் துத்தநாகப் புளொக் படங்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 65 கோடு அளவிலான திரையில் செய்யப்பட்டவை. குழுப்படத்தில் ஒரு முகம் குறுக்கே ஆறு மில்லிமீற்றர் இருந்தால், அதில் பதினைந்து அச்சுப்புள்ளிகள் இருக்கும். நெடுக்கே இருபது. ஆக முந்நூறு புள்ளிகள். அந்த மனிதரைப் பற்றி அந்தத் தாளில் இருக்கும் முழுச் சாட்சியம் அந்த முந்நூறு புள்ளிகள்தான். முப்பது அங்குல அகலத்துக்கு விரிந்த தொகுதியை 4,000 புள்ளி அகலமான 12 மெகாபிக்சல் படமாகக் கைத்தொலைபேசி எடுக்கும்போது அங்குலத்துக்கு 133 புள்ளிகள் கிடைக்கின்றன. அதாவது ஓர் அச்சுப்புள்ளிக்கு இரண்டு கமராப் புள்ளிகள். இரண்டு கோலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சற்றே பிசகி வரைந்தால் எப்படி மூன்றாவது கோலம் ஒன்று தானாகத் தெரியுமோ, அப்படித் தாளில் இல்லாத அலைகள் அதில் தோன்றும். முகத்தில் தெரிந்த சாம்பல் அலைகள் அவைதான். அதன்மேல் கோப்பைச் சிறிதாக்கும் சுருக்கம் வேறு.

இந்தச் சிதைவை வாங்கிக்கொண்ட மென்பொருள், தான் முன்னர் பார்த்த இலட்சக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமான ஒரு முகத்தைச் செய்து கொடுக்கிறது. திருப்பிக் கேட்டால் இன்னொரு முகம் தரும். நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் ஒரு நிருபர் செய்தியில் உள்ள இடைவெளியைத் தன் கற்பனையால் நிரப்பிக் கொண்டுவந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இதற்கோ, “எவ்வளவு தத்ரூபம்!” என்று கீழே நூறு பேர் எழுதுகிறார்கள்.

அதே நாளிதழின் அதே காலத் தொகுதிகள், பதினொன்று, வடமராட்சியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவந்தது, வேறொரு தேடலின்போது. மனிதர் காலமாகிவிட்டார். மகள் அவற்றை மேல்தட்டில் பழைய வேட்டியால் சுற்றி வைத்திருந்தார். கமராவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தூக்கிக்கொண்டு என்பது அலங்காரமன்று. உடல் மட்டும் 900 கிராம். மக்ரோ வில்லை 980. விரித்த தொகுதி முழுவதையும் எடுக்கும் 63 மில்லிமீற்றர் வில்லை தனி. அந்த வில்லையோடு கமரா தாளுக்கு மேலே ஒன்றேகால் மீற்றர் வரையில் நேர்குத்தாகத் தொங்க வேண்டும். தெருவில் விற்கும் முக்காலி அந்தப் பாரத்தில் தலை குனிந்துவிட்டது. ஊர்த் தச்சர் ஒருவரிடம் சொல்லி வேப்பமரத்தில் ஒரு சட்டகம் செய்வித்தேன். அதனை ஓட்டோவில் ஏற்றுவதே ஒரு நாடகம்.

இந்தக் கமராவோடு வாழ்வது என்பது உங்கள் கவனயீனங்கள் அனைத்தையும் பெருப்பித்துக் காட்டும் ஒரு கண்டிப்பான வாத்தியாரோடு வாழ்வதைப் போன்றது. மின்விசிறி சுழன்றால் சட்டகம் நடுங்குவது படத்தில் தெரிகிறது. தெருவில் பேருந்து போனால் அதுவும் தெரிகிறது. ஓசையற்ற மின்னணு மூடியைப் பாவித்தால் ரியூப் வெளிச்சம் படத்தில் பட்டை பட்டையாக விழும்; அந்த மூடி உணரியை வரிவரியாக, ஆறுதலாக வாசிப்பதே காரணம். துவாரத்தை 4 இல் வைத்தால் தொகுதியின் மையம் கூர்மை, ஓரம் மங்கல். 11 க்கு மேல் மூடினால் ஒளி வளைந்து எல்லாமே சற்று மங்கல். 8 க்கும் 11 க்கும் இடையில் ஒரு சிறு வாசல் இருக்கிறது, அதற்குள்தான் நுழைய வேண்டும். பத்திரிகைத் தாளின் மறுபக்க எழுத்து இப்பக்கம் ஊறித் தெரிவதைத் தடுக்க ஒவ்வொரு பக்கத்தின் பின்னாலும் கறுப்புத் தாள் செருக வேண்டும். விளக்குகள் இரு பக்கமும் 45 பாகையில். பக்கம் நிமிராவிட்டால் கண்ணாடித் தகடு. கண்ணாடி வைத்தால் அதில் கமராவே தெரியும், ஆகவே வில்லைக்குத் துளையிட்ட கறுப்புத் துணி. இவையெல்லாவற்றையும் நான் பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் கற்றேன். முதல் இரண்டு நாட்களின் படங்கள் முழுவதையும் அழித்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்தது. விரித்த இரு பக்கமும் ஒரே சொடுக்கில் 11,648 க்கு 8,736 புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறத்தாழ 390. நூலகங்கள் பத்திரிகைகளுக்குப் பொதுவாகக் கேட்கும் 300, 400 என்ற அளவுக்குள் அது சரியாக விழுகிறது. இப்போது ஓர் அச்சுப்புள்ளிக்கு ஆறு கமராப் புள்ளிகள். அலை இல்லை. மையமடிப்பில் ஒளி விழும்படி தொகுதியைச் சாய்த்து எடுத்ததால் படவிளக்கம் கடைசி எழுத்துவரை தெரிந்தது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவது பெயர் அந்தப் பெண்ணின் தகப்பனாருடையது. பையன் வெட்டி எடுத்தது நான்காவது மனிதரை.

அந்தப் படத்தைப் பிறகு மக்ரோ வில்லையால் தனியாகவும் எடுத்தேன். அதிலே முகம் பெரிதாகும்போது முகம் மறைந்துபோகிறது. கோலத்துக்கு இட்ட புள்ளிகள் மட்டும் தெரிகின்றன. முந்நூறு புள்ளிக்கு மேல் அங்கே எதுவும் இல்லை என்பதை இவ்வளவு விலையுள்ள கமரா நேர்மையாகச் சொல்கிறது. பின்னோக்கி நகர்ந்து, சிறிதாக்கிப் பார்த்தால் புள்ளிகள் கூடி ஒரு மனிதர் தெரிகிறார். மெலிந்தவர். மீசை இல்லை. சால்வையை இடது தோளில் போட்டிருக்கிறார். தலையை ஒரு பக்கம் சற்றுச் சரித்து நிற்கிறார்.

அதனை அந்தப் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பது என்று இரண்டு கிழமை யோசித்தேன். கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் மாலை போட்டது ஆருக்கு ஐயா?”

வாசிக்க முடிகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. இப்போதைய கைத்தொலைபேசிகளில் 200 மெகாபிக்சல் இருக்கிறதே என்கிறார்கள். அவற்றில் ஒரு புள்ளியின் அகலம் 0.6 மைக்கிரோன். இந்தக் கமராவில் 3.76. ஒளியை ஏந்தும் பரப்பில் முப்பத்தொன்பது மடங்கு வித்தியாசம். அதனால்தான் அந்தத் தொலைபேசிகளே பதினாறு புள்ளிகளைக் கூட்டி ஒன்றாக்கி, வழமையாக 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. போதாக்குறைக்கு, கேளாமலே “அழகுபடுத்தி”யும் தருகின்றன. ஆவணம் எடுப்பவனுக்கு வேண்டாத உபகாரம் அது.

அடுத்தது கோப்பின் பருமன். இதில் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. 102 மெகாபிக்சல் படமொன்றைச் சுருக்காமல் ரிப் கோப்பாக வைத்தால் 306 மெகாபைட் வரும். எட்டுப் பக்க நாளிதழின் ஓராண்டு, விரித்த பக்கங்களாக 1,440 படங்கள் என்று வைத்தால், ஏறத்தாழ 440 ஜிகாபைட். ஒன்று பழுதானால் மற்றது என்று இரண்டு வன்தட்டுகளிலாவது வைக்க வேண்டும். ஆயினும் வன்தட்டு விலை ஒரு கலியாணத்தின் பூச்சோடனைச் செலவுக்குக் கிட்டவும் வராது. நாங்கள் காசில்லாத சமூகம் என்று யாராவது என்னிடம் சொன்னால் அண்மையில் கட்டிய மணவறைகளின் படத்தைக் காட்டுவேன்.

உண்மையில் பலமான வாதம் வேறொன்று. கிளிநொச்சியில் ஓர் இளைஞர் என்னிடம் நேராகவே கேட்டார்: “ஐயா, நீங்கள் ஒரு தொகுதி எடுக்க நாலு நாள். நான் போனில ஒரு தொகுதியை அரை நாளில முடிப்பன். நீங்கள் வடிவா எடுத்து முடிக்கிறதுக்குள்ள மிச்சத்தைக் கறையான் திண்டுடும்.” அந்தப் பிள்ளையின் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. பத்திரிகைத் தாள் மலிவான மரக்கூழில் செய்யப்பட்டது. அதிலுள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகி, அமிலம் ஊறி, தாள் பப்படம் போல நொறுங்குகிறது. எங்கள் ஈரலிப்பில் அது இன்னும் விரைவு. எரிகிற வீட்டில் எந்தப் பாத்திரத்தால் தண்ணீர் ஊற்றுவது என்று ஆராய முடியாது. வேறு வழியே இல்லாத இடத்தில் தொலைபேசியால் எடுக்கட்டும். 2005 முதல் நூலகம் போன்ற முயற்சிகளில் இளைஞர்கள் சம்பளமில்லாமல் செய்த வேலையின் பயனை நானே தினமும் அனுபவிக்கிறேன். அவர்களை இகழ்ந்தால் என் நாக்கு அழுகும். இருபத்துநான்கு மெகாபிக்சல் சாதாரணக் கமராவால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு துண்டாக, நல்ல வெளிச்சத்தில், கவனமாக எடுத்தாலும் அந்தப் பெண்ணின் தகப்பனார் கிடைத்திருப்பார். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான் கேட்பது இரண்டு. உலகில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்த தொகுதியைத் தொலைபேசியால் எடுத்துவிட்டு “முடிந்தது” என்று சொல்லாதீர்கள். இது தற்காலிகப் பிரதி, நல்ல பிரதி எடுக்கப்பட வேண்டும் என்று கோப்பின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டாவது, எந்தக் கமராவால் எடுத்திருந்தாலும், எனது கமராவால் எடுத்திருந்தாலும்கூட, மூலத்தை எறியாதீர்கள்.

இந்தத் தவறை எங்களைவிடப் பணக்கார நாடுகளே செய்து பார்த்துவிட்டன. அமெரிக்க நூலகங்கள் தங்கள் நாளிதழ்த் தொகுதிகளை மைக்கிரோபிலிம் எடுத்துவிட்டு மூலங்களை விற்றும் எறிந்தும் தீர்த்ததை நிக்கல்சன் பேக்கர் என்ற எழுத்தாளர் 2001 இல் ‘டபிள் ஃபோல்ட்’ என்ற நூலில் போட்டு உடைத்தார். தாளின் மூலையை முன்னும் பின்னும் மடித்து, எத்தனையாவது மடிப்பில் உடைகிறது என்று பார்க்கும் சோதனையின் பெயர் அது. அந்தச் சோதனையைக் காட்டியே நூல்களுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள். மைக்கிரோபிலிமோ கறுப்பு வெள்ளை. வண்ணப் பக்கங்கள் போயின. சில பக்கங்கள் எடுபடவே இல்லை. பிரித்தானிய நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்களைக் கைவிட முனைந்தபோது பேக்கர் தாமே பணம் திரட்டி வாங்கிக் காப்பாற்றினார். அவை 2004 இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நூலகங்களை நடத்தியவர்களும் “வாசிக்க முடிகிறதே” என்றுதான் சொன்னார்கள்.

எங்களுக்கு இதைச் சொல்ல அமெரிக்க உதாரணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிக்கப்பட்டது. நாற்பது வருடங்களுக்கு மேலாக நாங்கள் அதனைச் சொல்லி அழுகிறோம். அழ வேண்டியதுதான். ஆனால் எரித்தவர்களை ஏசும் அதே வாயால், “கறையான் பிடிச்ச பேப்பர்” என்று சொல்லி ஒரு நாளிதழின் ஆண்டுத் தொகுதிகளைக் கடலைச் சுருள் ஆக்குவதற்கு எங்களுக்கு எப்படி மனம் வருகிறது? 1841 இல் உதயதாரகை தொடங்கிய மண் இது. எத்தனை ஏடுகளுக்கு இன்று முழுத்தொகுதி இருக்கிறது என்று எண்ணினால் கைவிரல்கள் மிஞ்சும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் அலுமாரிகளுக்குள் இத்தகைய கமராக்கள் உறங்குவதை என் பெறாமகனே சொல்கிறான். நயாகராவையும் அல்ப்ஸையும் ஏற்கெனவே போதுமானவர்கள் எடுத்துவிட்டார்கள். கோவில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவாருங்கள்; தேரை ஒரு நாள் எடுத்துவிட்டு, ஒரு கிழமை ஏதாவதொரு வீட்டின் மேல்தட்டில் இருப்பதை எடுங்கள். சட்டகத்தின் அளவுகளை நான் தருகிறேன். தச்சரின் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

வடமராட்சி வீட்டில் பதினொரு தொகுதிகளில் நான்கு முடிந்திருக்கின்றன. கிழமைக்கு இரண்டு நாள்தான் என் முழங்கால் இடம் கொடுக்கிறது. தை பிறந்ததும் வீட்டின் அந்தப் பகுதியை இடித்துக் கட்டப்போகிறார்கள். தொகுதிகளை அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்று தபாலதிபரின் மகள் கேட்கிறார். என் வீட்டு முன்னறையைச் சொல்லியிருக்கிறேன். அங்கே இப்போது மழைக்கு ஓர் ஓடு ஒழுகுகிறது. நாளை அதற்கு ஆள் வருகிறது.